நிஷா சிஸ்டரின் இடது கை

சேலையூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், எனக்கு ரத்தம் எடுக்க வந்த நர்ஸின் கையை நான் கத்தரிக்கோலால் கிழித்தேன். எட்டுத் தையல் போட்டார்கள். அப்போது சுயநினைவோடு இருந்தாயா என்று கேட்டால், இருந்தேன் என்றுதான் சொல்வேன். கண் திறந்திருந்தது, பேச்சு வந்தது, கை நான் சொன்னதைக் கேட்டது. இதில் எனக்கு இன்னும் பயம் தருவது அதுதான்.

என் பெயர் கஸ்தூரி. அப்போது நாற்பத்தாறு வயது. காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட். பியூரெட்டை உடைத்துவிட்டு அழும் முதல் வருஷப் பிள்ளைகளைக்கூட நான் அதட்டியதில்லை. வீட்டில் குரலை உயர்த்துவது என் கணவர் மோகனும் மகள் தீபாவும்தான். நடுவில் நின்று சமாதானம் செய்வது என் வேலை. இதைச் சொல்வது என்னை நல்லவளாகக் காட்ட இல்லை. எப்படிப்பட்டவளும் அப்படி ஆகலாம் என்பதற்காக.

சிக்குன்குனியா ஊரையே முடக்கிப் போட்ட வருஷம் அது. எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எனக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மூன்று நாளில் விட்டது, மூட்டு வலி விடவில்லை. நிறையத் தண்ணீர் குடி என்று எல்லோரும் சொன்னார்கள், சொம்பு சொம்பாகக் குடித்தேன். வாய்க்கு உப்பு பிடிக்கவில்லை, சாப்பிட்டதெல்லாம் வாந்தி. ஆனாலும் பி.பி. மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. அது சிறுநீரை அதிகமாகப் போகவைக்கிற மாத்திரை. சிறுநீரோடு உடம்பிலுள்ள உப்பும் போகும் என்பது எனக்குத் தெரியாது. இருபது வருஷமாக உப்பு பாட்டில்களுக்கு நடுவில் வேலை செய்தவளுக்கு இது தெரியவில்லை.

ஏழாவது நாள் காலையில் தீபா காபி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை வாங்கி, அதற்குள் என் மூக்குக் கண்ணாடியைப் போட்டேனாம். "என்னம்மா இது?" என்று அவள் சிரித்தாள். "ஊறட்டும்" என்று சொன்னேனாம். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். காலை ஷிஃப்டுக்குப் போனவர் பாதியில் திரும்பி ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. வெளியே போட்டிருந்த பெஞ்சுகளில், விரலை மடக்க முடியாமல் கையை மடியில் பொம்மை மாதிரி வைத்துக்கொண்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு டோக்கன் முப்பத்தெட்டு. ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அந்த இரண்டு மணி நேரமும் மோகன் என் தலையைத் தன் தோளில் சாய்த்து வைத்திருந்தார். பொது இடத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

ரிசல்ட் வந்ததும் எங்கள் டோக்கனுக்கு முன்னாலேயே கூப்பிட்டார்கள். டியூட்டி டாக்டர் சின்னப் பெண், பெயர் சுகன்யா. தாளை வைத்துக்கொண்டு என்னை ஒரு முறை பார்த்தார், மோகனைப் பார்த்தார்.

"சார், ரத்தத்துல சோடியம்னு ஒண்ணு இருக்கு. நாம சாப்பிடுற உப்புதான். நூத்தி முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கணும். இவங்களுக்கு நூத்திப் பன்னெண்டு."

"உப்பு ஏத்திட்டா சரியாயிடுமா டாக்டர்?"

"ஏத்தணும். ஆனா மெதுவாத்தான் ஏத்தணும். உப்பு குறைஞ்சதால மூளை தண்ணியை உறிஞ்சி வீங்கியிருக்கு. அவசரப்பட்டு ஏத்தினா மூளையே டேமேஜ் ஆயிடும். ஒரு நாளைக்கு எட்டு பாயின்ட், அவ்வளவுதான். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்போம்."

"அதுவரைக்கும்?"

"ஃபிட்ஸ் வரலாம். குழப்பமா பேசலாம், ஆள் அடையாளம் தெரியாமப் போகலாம். சிலர் ரொம்பக் கோபப்படுவாங்க. அவங்களைத் தனியா விடாதீங்க."

"என் வொய்ஃப்புக்குக் கோபமே வராது டாக்டர்" என்றார் மோகன்.

ஐ.சி.யு.வில் இருந்த நாலு படுக்கையும் நிரம்பியிருந்தன. நர்ஸ்கள் உட்காரும் மேஜைக்கு நேர் எதிரே, இரண்டு படுக்கை போட்ட அறையில் என்னைப் படுக்க வைத்தார்கள். பக்கத்துப் படுக்கையில் சர்க்கரை நோயால் கால் புண்ணான ஒரு அம்மா. பகல் நேர நர்ஸ் நிஷா. முழுப் பெயர் ரஹமத் நிஷா, தாம்பரத்தில்தான் வீடு, அப்பாவுக்கு மார்க்கெட்டில் பாத்திரக் கடை. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது, என் நரம்பு கிடைக்காமல் மூன்றாவது முறை ஊசியைக் குத்தும்போது "சாரிம்மா, சாரிம்மா" என்று தனக்கே வலிப்பதுபோல் சொன்ன ஒரு பெண். இருபத்திநாலு வயது இருக்கும். சரியாகத் தூங்காததால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கூட வேலை பார்க்கும் நர்ஸ்களில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், அந்த மாடி முழுவதையும் இரண்டே பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி வருவதை நான் அன்று கண்டபடியே எழுதுகிறேன். அது உண்மை அல்ல. ஆனால் எனக்கு நடந்தது அதுதான்.

மறுநாள் காலையில் முதலில் கவனித்தது சலைன் பாட்டிலை. அதன் லேபிள் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. லேபிள் தெரியாத பாட்டிலைத் தொடக்கூடாது என்பது லேபில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். யாரோ வேண்டுமென்றே திருப்பியிருக்கிறார்கள் என்று தோன்றியது. தீபாவிடம் சொன்னேன். அவள் எழுந்து லேபிளை என் பக்கம் திருப்பினாள். நான் நிம்மதி அடையவில்லை. இவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. வாசலைக் கடந்து போகிறவர்கள் எல்லோரும் சரியாக என் அறைக்கு நேரே வரும்போது குரலைத் தாழ்த்தினார்கள். எதிர் மேஜையில் டெலிபோன் இரண்டு முறை அடித்து நின்றது, மறுபடி இரண்டு முறை அடித்து நின்றது. மேலே ஃபேன் சுற்றும் சத்தத்துக்குள் ஒரு வார்த்தை இருந்தது. அது இன்ஷியலோடு என் பெயர். பயம் என்றால் நெஞ்சு படபடக்கும் என்று நினைத்திருந்தேன். இது வேறு மாதிரி. மனசு ரொம்பத் தெளிவாக இருந்தது. இத்தனை நாள் புரியாத கணக்கு சட்டென்று புரிந்த மாதிரி ஒரு தெளிவு. அவ்வளவு தெளிவை நான் அதற்கு முன்னாலும் அனுபவித்ததில்லை, பின்னாலும் இல்லை.

பதினோரு மணி வாக்கில் நிஷா டிரே எடுத்துவந்து, பக்கத்துப் படுக்கை அம்மாவின் காலில் கட்டைப் பிரித்தாள். அந்த அம்மா "ஐயோ, ஐயோ" என்று முனகினார். அவரை என்னமோ செய்கிறார்கள் என்று நினைத்தேன். பாதியில் மேஜைப் பக்கமிருந்து யாரோ, "நிஷா! ஐ.சி.யு.வுக்கு வா, சீக்கிரம்!" என்று கத்தினார்கள். அவள் புண்ணை அவசரமாகத் துணியால் மூடிவிட்டு, டிரேயை என் கட்டிலுக்கும் அந்தக் கட்டிலுக்கும் நடுவிலிருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு ஓடினாள். டிரேயில் கத்தரிக்கோல் இருந்தது. கையை நீட்டி எடுத்து, தொடைக்குக் கீழே போர்வை மடிப்பில் வைத்துக்கொண்டேன். தீபா ஜன்னல் பக்கம் திரும்பி செல்போனில் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் வீல்சேர் கொண்டுவந்து பக்கத்துப் படுக்கை அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்கேனுக்கு. அங்கிருந்து அப்படியே கீழ்த் தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. போனவர் திரும்பி வரவில்லை, படுக்கை விரிப்பை மாற்றினார்கள், அவ்வளவுதான் நான் பார்த்தது. அடுத்தது நான் என்று முடிவு செய்தேன்.

நாலு மணிக்குத் தீபா மாத்திரை வாங்கக் கீழே போனாள். போன இரண்டாவது நிமிஷம் நிஷா உள்ளே வந்தாள். கையில் சிரிஞ்ச்.

"கஸ்தூரிம்மா, கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கலாமா? கடைசி ரிசல்ட் நல்லா வந்திருக்கு, நூத்திப் பதினாறு."

"என் பொண்ணு எங்கே?"

"கீழ போயிருக்கா, வந்துருவா. கையை நீட்டுங்க."

அவள் குனிந்தபோது குத்தவேண்டும் என்று நினைத்தேனா, தள்ளிவிடவேண்டும் என்று நினைத்தேனா, எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். கத்தரிக்கோல் என் வலது கையில் இருந்தது. அவளுடைய இடது கை என் முகத்துக்கு அருகில் இருந்தது. அவள் கத்தவில்லை. "அம்மா" என்று மட்டும் மூச்சுக்குள் சொன்னாள். பச்சைத் தரையில் ரத்தம் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெற்றி பெற்ற மாதிரி இருந்தது எனக்கு. இந்த வரியை எழுதாமல் விட்டுவிடலாம் என்று தீபா சொன்னாள். விட முடியவில்லை.

நிஷா பின்னால் நகர்ந்து வெளியே போனாள். நான் சலைன் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஸ்டாண்டை இழுத்து எனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு, சுவர் மூலையில் போய் நின்றேன். இதற்கு மேல் நடந்ததில் பாதி என் ஞாபகம், பாதி தீபா சொன்னது. அவள் மாத்திரைக் கவரோடு படியேறி வந்தபோது, வாசலில் முப்பது பேர் நின்றார்களாம். மற்ற நோயாளிகளோடு வந்தவர்கள், வார்டு பாய்கள், டீ கொண்டுவந்தவர்.

"புடிச்சு அமுக்குங்கடா!" என்று ஒருவர்.

"கத்தி வெச்சிருக்கு சார், கிட்ட போகாதீங்க."

"போலீஸுக்குப் போன் போடு!"

மோகனும் அப்போதுதான் வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்து, "கஸ்தூரி! கீழ போடு! கீழ போடுங்கறேன்ல!" என்று கத்தினார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. ஒரு பெரிய ஆள் என்னைப் பார்த்துக் கத்துகிறான், அவ்வளவுதான். கத்தரிக்கோலை என் கழுத்துக்குக் கொண்டுபோனேன். கூட்டம் சட்டென்று அடங்கியது. தீபா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது வந்தவர்தான் ஏழுமலை அண்ணன், அந்த ஆஸ்பத்திரியின் வாட்ச்மேன். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். ஒல்லி. காக்கிச் சட்டை அவர் மேல் மாட்டி வைத்தது போலத் தொங்கும். முதலில் அவர் என் பக்கமே பார்க்கவில்லையாம்.

"அல்லாரும் கீழ போங்க. இன்னா வேடிக்க கீது இங்க? போம்மா, உன் புள்ளையக் கூட்டிகினு போ. சார், நீங்களும்தான்" என்று மோகனையும் வெளியே தள்ளினார். "உங்க வூட்டம்மாதான், தெரியும். நீங்க இப்ப பேசினா காரியம் கெட்டுரும். தோ, அந்தத் தூணாண்ட நில்லுங்க." வார்டு பாய்கள் இரண்டு பேரையும் வாசலின் இரண்டு ஓரமும், என் கண்ணில் படாமல் நிற்கச் சொன்னார். கையிலிருந்த தடியை வராண்டாவில் சாய்த்து வைத்தார். தொப்பியைக் கழற்றினார். உள்ளே இரண்டடி எடுத்து வைத்து, வாசலை மறைக்காமல் கொஞ்சம் ஓரமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் தலை என் கண் மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் அந்த அறையே கொஞ்சம் பெரிதான மாதிரி இருந்தது.

"இன்னாம்மா, காலு வலிக்கலயா? நிக்கிறதுன்னா நில்லுங்க. நான் ஒக்காந்துக்கறேன். எனக்கும் இந்தக் காச்ச வந்து போச்சு, முட்டி புட்சிகிச்சு."

அவர் முட்டியைத் தடவிக்கொண்டே, வேறு எதுவும் கேட்காமல் காத்திருந்தார்.

"பாட்டில்ல என்ன கலந்திருக்கீங்க?" என்றேன்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் வாட்ச்மேன். நீங்க படிச்சவங்க. எப்டி கண்டுபுடிக்கிறது, நீங்களே சொல்லுங்க."

"வெறும் உப்புத் தண்ணிதானான்னு பார்க்க சில்வர் நைட்ரேட் வேணும். டெஸ்ட் டியூப் வேணும்."

"கொண்டாந்துடலாம். ஆனா வாயில சொன்னா நான் மறந்துபுடுவேன். எழுதிக் குட்த்தீங்கன்னா ஆளை அனுப்பறேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவையும், கேட்டில் பேர் எழுதுகிற நோட்டிலிருந்து ஒரு தாளையும் எடுத்து, தரையோடு என் பக்கம் தள்ளிவிட்டார். என் கையில் தரவில்லை. கிட்டே வரவும் இல்லை.

இந்த இடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் லேபில் என் மேஜையில் இருந்தேன். எதிரே ஸ்டோர் ஆள் இன்டென்ட்டுக்காகக் காத்திருந்தான். இன்டென்ட் என்றால் லேபுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. வாரம் ஒன்று எழுதுவேன். எழுதுவதற்குக் கை வேண்டும். கட்டில் மேல் கத்தரிக்கோலை வைத்தேன், குனிந்து தாளை எடுத்தேன், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழகாக எழுதினேன். வரிசை எண் போட்டு, பொருள், அளவு, கீழே கையெழுத்து.

தீபா அந்தத் தாளை வைத்திருக்கிறாள். ஒருமுறை காட்டினாள். அதில் எழுத்தே இல்லை. மேலிருந்து கீழே கோணல் கோணலாகக் கோடுகள், ஒரு இடத்தில் பேனா குத்தித் தாள் கிழிந்திருக்கிறது.

ஏழுமலை அண்ணன் அதைக் கை நீட்டி வாங்கி, வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்து, "நாலு ஐட்டம். சரிங்களாம்மா?" என்றார்.

"அஞ்சு" என்றேன்.

"அஞ்சு. ஆமா, இங்க ஒண்ணு கீது." மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அந்தக் கத்திரிய நான் வச்சிக்கட்டா? ஆஸ்பத்திரி சாமான். கணக்குக் கேப்பாங்கோ."

லேபில் சாமான் திரும்பப் போகவேண்டியது முறைதானே. எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எழுந்து, அவசரப்படாமல் நடந்து வந்து, எடுத்து, பின்னால் நீட்டினார். அதை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு டாக்டர் சுகன்யா வந்தார். "கஸ்தூரிம்மா, தூங்கறதுக்கு ஒரு ஊசி போடப்போறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போட்டார். அப்போது நான் திமிறினேன். நாலு பேர் பிடித்தார்கள். இரண்டு மணிக்கட்டையும், பஞ்சு வைத்து, பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். கட்டாமல் இருந்தால் சலைனை மறுபடி பிடுங்கியிருப்பேன், உப்பு ஏறாமல் செத்திருப்பேன். இது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இன்றைக்கும் புடவைத் தலைப்பு மணிக்கட்டில் சுற்றினால் பதறி உதறுகிறேன்.

நாலாவது நாள் சோடியம் நூற்று முப்பதைத் தொட்டது. காலையில் கண் விழித்தபோது ஃபேன் வெறும் ஃபேனாகச் சுற்றியது. பசித்தது. மோகன் கஞ்சியில் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு ஊட்டினார். என் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். வேலைக்கு நடுவில் சிங்கப்பெருமாள் கோவிலுக்குள் போய் நரசிம்மரைக் கும்பிட்டு வாங்கிவந்தாராம். ஊட்டி முடித்ததும் ஸ்பூனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. தீபா கட்டிலுக்கு அருகே வராமல் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் கையைத் தூக்கினால் அவள் தோள் விறைத்தது. நிஷாவுக்குப் பதில் வேறு ஒரு நர்ஸ் வந்தாள். அவள் கூட எப்போதும் ஒரு வார்டு பாய் வந்தான்.

"என் மணிக்கட்டுல என்னடி தடம்?" என்று தீபாவிடம் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லம்மா."

"நிஷா சிஸ்டர் எங்கே?"

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். யாரோ செத்துப்போன வீட்டில் விவரம் தெரியாமல் நடமாடுகிற மாதிரி ஒரு நாள் முழுக்க இருந்தேன். மறுநாள் அவளே வந்து, முதல் முறையாகக் கட்டிலில் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து சொன்னாள். பாதி சொல்லும்போதே எனக்கு மீதி ஞாபகம் வந்துவிட்டது.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரி நிர்வாகி வந்தார். நல்ல வெள்ளைச் சட்டை, மென்மையான பேச்சு. கையில் டைப் செய்த தாள். பணியில் இருந்த நர்ஸ் டிரேயைக் கவனக்குறைவாக விட்டுப் போனதால் இந்தச் சம்பவம் நடந்தது, நிர்வாகத்தின் மேல் எங்களுக்குப் புகார் இல்லை என்று அதில் இருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"அவங்க மேல தப்பில்லையே சார்" என்றேன். "ஐ.சி.யு.வுக்குக் கூப்பிட்டாங்க, ஓடினாங்க. ரெண்டு பேர் எத்தனை பேரைப் பார்ப்பாங்க? கத்தரிக்கோலை எடுத்தது நான். ஒளிச்சு வெச்சது நான். அதை வேணும்னா எழுதித் தரேன்."

"அப்படி எழுதினா அது உங்களுக்குத்தான் கஷ்டம் மேடம்." அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஸ்டாஃபைத் தாக்கினதுக்குப் போலீஸ்ல சொல்லணும்னுதான் ரூல். உங்க குடும்பத்தைப் பார்த்து நாங்க சொல்லாம இருக்கோம். காலேஜ்ல வேலை செய்யறீங்க. பொண்ணு படிக்குது."

அவர் போனபிறகு மோகன், "கையெழுத்துப் போட்டுடு கஸ்தூரி. வெளிய போயிடலாம்" என்றார். அன்று மாலை ஏழுமலை அண்ணன் எட்டிப் பார்க்க வந்தார். தடியில்லாமல் உள்ளே போனதற்கு அவருக்கும் மெமோ கொடுத்திருந்தார்கள்.

"தடி எட்த்துகினு போயிருந்தா நீங்க இன்னும் பயந்திருப்பீங்கம்மா. பயந்த ஆளுதான் குத்தும்."

"இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தாங்கண்ணா?"

"போன வருசம் ஒர்த்தன் வந்தான். பைக்லருந்து வுழுந்துட்டானாம். கேஷுவால்டில நின்னுகினு அல்லாரையும் அடிக்கிறான், கண்ணாடிய ஒடைக்கிறான். குட்ச்சிட்டு பேஜார் பண்றான்னு நெனச்சோம். நாலு பேரா சேந்து அமுக்கினோம். நான்தான் முதுகு மேல ஒக்காந்தேன். குட்ச்சவன் இல்லம்மா அவன். மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு, அதான் அப்டி. நாங்க எயுந்தப்ப அவன் எயுந்திருக்கல."

அவர் சொன்னது அவ்வளவுதான். எனக்கு அப்படி எதுவும் ஆகாததற்கு முகம் தெரியாத அந்த மனிதன் காரணம்.

நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. வேறு தாளில் நடந்ததை நானே எழுதினேன், ஆள் பற்றாக்குறை உட்பட. இந்த முறை எழுத்து எழுத்தாக இருக்கிறதா என்று தீபாவிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். டாக்டர் சுகன்யா அதன் அடியில், நோயாளி தற்போது தெளிவான நினைவுடன் உள்ளார் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதற்கு அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. போலீஸ் வரவில்லை. ஒரு மாதம் வரை கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் மோகன் எழுந்து போய்ப் பார்த்தார். நிஷாவை வேலையை விட்டு அனுப்பவில்லை என்று ஏழுமலை அண்ணன் சொன்னார். அவளாகவே நின்றுவிட்டாளாம்.

இரண்டு மாதம் கழித்து விலாசம் விசாரித்து அவள் வீட்டுக்குப் போனேன், தனியாக. அவள் அம்மா கதவைத் திறந்தார். யாரென்று சொன்னேன். ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, உள்ளே வாங்க என்றார். நாற்காலி போட்டார், ஷர்பத் கொடுத்தார். நிஷா உள் அறையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். முழுக்கைச் சட்டை. தழும்பு தெரியவில்லை.

"கை எப்படி இருக்கும்மா?"

"பரவால்ல. சுண்டு விரல் மட்டும் கொஞ்சம் மரத்துப் போயிருக்கு. சரியாயிடும்னு சொல்றாங்க."

மன்னிப்புக் கேட்க வீட்டிலிருந்தே வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"தப்பு உங்க மேல இல்லம்மா. எனக்கு நல்லாத் தெரியும். படிச்சிருக்கேன். நீங்க எனக்காக லெட்டர் எழுதினதும் தெரியும்." சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஆனா உங்க குரல் கேட்டதும் உள்ள கதவைத் தாழ்ப்பாள் போடப் போயிட்டேன். வேற ஆஸ்பத்திரில சேர்ந்திருக்கேன். யாராவது போர்வைக்குள்ள கையை வெச்சிருந்தா கிட்ட போக முடியல. இன்னும் சரியாகல. நீங்க தப்பா நினைக்காதீங்க. இனிமே வராதீங்கம்மா."

அவள் அம்மா "நிஷா" என்று அதட்டினார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டப்போய், காட்டாமல் மடியில் வைத்துக்கொண்டேன். ஷர்பத்தைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் யாராவது திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், பேய் என்றோ கொழுப்பு என்றோ நினைக்காமல் ரத்தத்தில் உப்பு எவ்வளவு என்று பாருங்கள். அப்படிப்பட்டவரைத் தனியாக விடாதீர்கள், நர்ஸை அவரோடு தனியாக விடாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் குணமாகிவிட்டேன். அந்தப் பி.பி. மாத்திரையை மாற்றிவிட்டார்கள். தீபா இப்போது என் பக்கத்திலேயே படுக்கிறாள்.

போன மாதம் காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்கு நின்றிருந்தேன். பிளாட்பாரத்தில் சற்றுத் தள்ளி நிஷா. தோளில் பை, கூட ஒரு தோழி, எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் பேப்பர் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வண்டி வந்தது. இரண்டு பேரும் லேடீஸ் பெட்டியில் ஏறினார்கள். அதில் நிறைய இடம் இருந்தது. வண்டி கிளம்பி, கடைசிப் பெட்டியும் போனபிறகுதான் நான் வெளியே வந்தேன்.